சார்ந்து நிற்கும் குறிகள்

கணிப்பொறியில் இசைத்தாள் எழுதுவோர்க்குச் சில செய்திகள்

முத்தமிழுள் இயலுக்கு ஏடு வாய்த்தது. இசைக்கோ நெடுங்காலம் செவியே ஏடாக இருந்து வந்தது. ஆசிரியர் பாட, மாணாக்கர் கேட்டு, அதனையே திருப்பிப் பாடிப் பழகுதல் நம் மரபு. அம்மரபின் சிறப்புப் பெரிது. அதனால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. பழந்தமிழ்ப் பண்களுட் பலவற்றின் பெயர்களை நூல்கள் நமக்குத் தந்துள்ளன. அவை எவ்வாறு ஒலித்தன என்பதைத் தரவில்லை.

இன்று நிலைமை வேறு. ஒரு கணிப்பொறியும், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றும் இருந்தால், தாம் அமைத்த மெட்டினை எவரும் தாளில் எழுதி வைக்கலாம். எழுதியதைக் கணிப்பொறியே வாசிக்கக் கேட்கவும் செய்யலாம். ஆண்டு விழாவிற்கும் மன்றக் கூட்டங்களுக்கும் பாட்டெழுதும் நம் மாணவர் சிலர், கீபோர்டு வாசிப்பவர்க்கும் வயலின் வாசிப்பவர்க்கும் இவ்வாறு தாள் எழுதிக் கொடுப்பதைக் காண்கின்றோம். சுரங்களை எழுதுவதில் அவர்கட்குத் தொல்லை இல்லை. சுரங்களின் மேலும் கீழும் பக்கத்திலும் இட வேண்டிய குறிகளிலேதான் தடுமாற்றம். பெட்டியிலுள்ள படத்தை எடுத்துத் தாளின் மேல் ஒட்டினால் குறி வந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். கண்ணுக்கு வந்துவிடுகின்றது, இசைக்கு வருவதில்லை. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். தமிழ் எழுத்தின் புள்ளியும் கொம்பும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிந்தவர்க்கே இப்பொருள் எளிதில் விளங்கும் என்பது நம் கருத்து.

இசைத்தாளும் மென்பொருளும்

மேலைநாட்டு இசைத்தாளுக்கு அடிப்படை, ஸ்டாஃப் எனப்படும் ஐந்து கிடைக்கோடுகள். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குய்தோ என்னும் துறவி நான்கு கோடுகளைக் கொண்டு இம்முறைக்கு வழி வகுத்தார். கோட்டின் மேலும், இரு கோடுகளுக்கு இடையிலும் இடப்படும் சுரத்தலையின் உயரம் சுருதியைக் காட்டும். அதன் வடிவம் கால அளவைக் காட்டும். 1501இல் வெனிசு நகரில் பெத்ரூச்சி என்பவர் அச்செழுத்துகளைக் கோத்து இசைநூல் அச்சிட்டார். பின்னர்ச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடும் முறை வந்தது. அத்தொழிலில் தேர்ந்த செதுக்கர், குறி ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பல்லாண்டுப் பயிற்சியால் கற்றனர்.

அந்தச் செதுக்கரின் வேலையைப் பின்னர்க் கணிப்பொறி ஏற்றது. அமெரிக்காவில் 1988இல் ஃபினாலே வந்தது. இங்கிலாந்தில் ஃபின் என்னும் இரட்டைச் சகோதரர் ஆக்கிய சிபெலியஸ் 1993இல் விற்பனைக்கு வந்தது. நெதர்லாந்தினர் இருவர் 1996இல் லில்லிபாண்டைத் தொடங்கினர். ஜெர்மானியராகிய வெர்னர் ஷ்வேர் 2002இல் தொடங்கிய மியூஸ்ஸ்கோர், விலையின்றிக் கிடைப்பதாலும் வெளிப்படை மூலநிரல் கொண்டதாலும் மாணவரிடையே மிகப் பரவியுள்ளது. கீழே நாம் காட்டும் செய்முறைகள் பெரும்பாலும் அதனையே பற்றியவை.

புள்ளி ஒன்று, பணி பல

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கூறும் இலக்கணம். எகர ஒகரக் குறில்களுக்கும் அவர் புள்ளி கூறினார். மகரக் குறுக்கத்திற்கு மேற்புள்ளியோடு உள்ளேயும் ஒரு புள்ளி உண்டு என்றார். புள்ளி ஒன்றுதான், அது நிற்கும் இடமும் சார்ந்த எழுத்தும் மாறப் பணியும் மாறுகின்றது. ககரத்தின் தலைமேல் நின்றால் அகர உயிர் நீங்குகின்றது. எகரத்தின் மேல் நின்றால் அது குறிலென்று அறிகின்றோம். பழைய ஓலைகளில் புள்ளியிடாமல் எழுதிய வழக்கத்தால் குறிலோ நெடிலோ என்று பதிப்பாசிரியர்கள் மயங்கியதும், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களைத் திருத்தியதும் நாம் வகுப்பில் படிப்பவையே.

இசைத்தாளிலும் இதே நிலை. சுரத்தலைக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி நின்றால், அச்சுரம் தன் அளவில் பாதியைக் கூடுதலாகப் பெறும். இரண்டு எண்ணிக்கை உடையது மூன்றாகும். அதே புள்ளி சுரத்தலையின் மேலோ கீழோ நின்றால் ஸ்டக்காட்டோ எனப்படும். சுரம் வெட்டி ஒலிக்கப்படும். மென்பொருள் வழக்கமாக அதனைப் பாதியளவே ஒலிக்கச் செய்யும். ஒரு புள்ளி நீட்டுகின்றது, மற்றொன்று குறைக்கின்றது. இரட்டைக்கோட்டின் முன் மேலும் கீழுமாக இரு புள்ளிகள் நின்றால், அப்பகுதியை மீண்டும் வாசிக்க வேண்டும். நம் கருநாடக இசைச் சுரக்குறிப்பிலோ எழுத்தின் மேல் நிற்கும் புள்ளி மேல் ஸ்தாயியையும், கீழ் நிற்கும் புள்ளி கீழ் ஸ்தாயியையும் காட்டும். இவ்விரு முறைகளையும் ஒருங்கே பழகும் மாணவர் முதலில் மயங்குவது இந்தப் புள்ளியிலேதான்.

மென்பொருளுக்கு இம்மயக்கம் இல்லை. அதற்கு இவை ஒரே புள்ளி அல்ல, வெவ்வேறு பொருள்கள். நீட்டற்புள்ளி சுரம் எழுதும் கருவிப்பட்டையில் உள்ளது. வெட்டொலிப் புள்ளி ஒலிப்புக்குறிப் பெட்டியில் உள்ளது. மீள்புள்ளிகள் பிரிகோட்டுப் பெட்டியில் உள்ளன. வெட்டொலிப் புள்ளியை எடுத்துச் சுட்டெலியால் நகர்த்திச் சுரத்தின் வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தாலும், அது வெட்டொலிப் புள்ளியாகவே இருக்கும். வாசிப்பவர் கண்ணுக்கு நீட்டல், கணிப்பொறிக்கு வெட்டல். எழுதியவர் எண்ணியது எதுவென்று பத்தாண்டு கழித்து எவர் சொல்வார்?

வளைகோட்டிலும் இத்தகைய இருமை உண்டு. ஒரே சுருதியுள்ள இரு சுரங்களை இணைக்கும் வளைகோடு அவற்றை ஒரே ஒலியாக்கும், இது டை. வெவ்வேறு சுருதியுள்ள சுரங்களின் மேல் வளையும் கோடு, இடையே மூச்சோ வில்லோ முறியாமல் வாசிக்கச் சொல்லும்; இது ஸ்லர். மியூஸ்ஸ்கோரில் டை இடுவதற்கு 'டி' விசை; ஸ்லர் இடுவதற்கு 'எஸ்' விசை. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே சுருதியுள்ள இரு சுரங்களிடையே தவறி 'எஸ்' இட்டால், சுரம் இரண்டு முறை ஒலிக்கும். காதால் கேட்டாலன்றி இப்பிழை புலப்படாது.

கொம்பின் நிலையும் ஷார்ப்பின் நிலையும்

'கெ' என்பதை எழுதும்போது கொம்பை முதலில் எழுதுகின்றோம். ககரத்தைப் பின்னர் எழுதுகின்றோம். ஒலிப்பில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக வருகின்றன. பழைய தட்டச்சுப்பொறி கண் கண்ட வரிசையிலேயே அடிக்கும். இன்றைய கணிப்பொறி ககரத்தை முதலிலும் எகரக் குறியை அடுத்தும் தன்னுள்ளே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருகின்றது. எழுத்தின் தோற்ற வரிசை வேறு, உண்மை வரிசை வேறு என்பதை அது அறிந்துள்ளது.

இசைத்தாளில் ஷார்ப் என்னும் உயர்த்தற்குறியும் கொம்பைப் போன்றதே. சொல்லும்போது 'எஃப் ஷார்ப்' என்கின்றோம். எழுதும்போது ஷார்ப்பை முன்னே இட்டு, சுரத்தலையைப் பின்னே இடுகின்றோம். மென்பொருளில் இதனை இடுவதற்குச் சிறந்த வழி குறியைத் தேடிப் போகாமலிருப்பதே. சுரத்தைத் தெரிந்தெடுத்து மேல்நோக்கிய அம்புவிசையை ஒருமுறை அழுத்தினால் சுருதி அரைச்சுரம் உயரும். உயர்ந்ததைக் காட்டும் ஷார்ப் தேவையான இடத்தில் தானே தோன்றும். அதே தாளக்கட்டத்துள் அச்சுரம் மீண்டும் வந்தால் குறி மீண்டும் வராது. ஏனெனில் ஒருமுறை இட்ட ஷார்ப்பின் ஆட்சி அக்கட்டத்தின் முடிவு வரை செல்லும். சுருதி உண்மை, குறி அதன் நிழல்.

இதற்கு மாறான வழியும் மென்பொருளில் உண்டு. முதன்மைப் பெட்டியில் 'சிம்பல்ஸ்' என்னும் பகுதியில் ஷார்ப், ஃப்ளாட் முதலாகப் பல நூறு வடிவங்கள் வரிசையாக உள்ளன. அவை வெறும் வடிவங்களே. அங்கிருந்து ஒரு ஷார்ப்பை எடுத்துச் சுரத்தின் முன் வைத்தால் தாள் அழகாக இருக்கும், சுருதி உயராது. பாட்டைக் கட்டை மாற்றி எழுத நேர்ந்தால் உண்மையான ஷார்ப்புகள் எல்லாம் புதிய கட்டைக்கேற்ப மாறிவிடும். இந்தப் படம் மட்டும் மாறாமல் நின்று பொய் சொல்லும்.

பற்றுக்கோடு

குற்றியலிகரமும் குற்றியலுகரமும் ஆய்தமும் தனித்து இயங்காமல் பிறவற்றைச் சார்ந்து வருவதால் அவற்றைச் சார்பெழுத்து என்கின்றோம். இசைக்குறிகள் அனைத்தும் இவ்வகையின. ஒவ்வொரு குறிக்கும் ஒரு பற்றுக்கோடு உண்டு. குறியை இடுமுன் அதன் பற்றுக்கோடு எது என்று வினவுதல் வேண்டும். அது தெரிந்தபின் செய்முறை மிக எளிது: பற்றுக்கோட்டைத் தெரிந்தெடுத்து, பெட்டியில் குறியைச் சொடுக்க வேண்டியதுதான்.

ஸ்டக்காட்டோ, அழுத்தக்குறி, டிரில் போன்றவை ஒரு சுரத்தைப் பற்றுபவை. இவற்றைச் சுரத்தலை இருக்கும் பக்கத்திலா காம்பு இருக்கும் பக்கத்திலா இடுவது என்று நாம் கவலைப்பட வேண்டுவதில்லை. ஸ்டக்காட்டோப் புள்ளி பொதுவாகத் தலையின் பக்கம் நிற்கும். பின்னர் மெட்டை உயர்த்திக் காம்பு திசை மாறினால் புள்ளியும் தானே பக்கம் மாறும். ஒட்டிய படம் அவ்வாறு மாறாது.

மெல்லப் பாடுக என்னும் 'பி'யும், உரக்கப் பாடுக என்னும் 'எஃப்'பும் வேறுவகை. இவை ஒரு சுரத்தோடு நில்லாமல், அடுத்த கட்டளை வரும்வரை தொடர்ந்து ஆள்பவை. மியூஸ்ஸ்கோரின் முந்தைய பதிப்புகளில் 'பி' என்பது 127க்கு 49 என்னும் வேகமாகவும், 'எஃப்' என்பது 96 என்னும் வேகமாகவும் மாற்றப்பட்டு ஒலித்தன. இந்த 127 என்னும் எல்லை, 1983இல் இசைக்கருவிகளைக் கணிப்பொறியோடு இணைக்க வகுத்த மிடி முறையிலிருந்து வந்தது. 'எஃப்' இட்ட எழுத்தாளர் பின்னர் 'பி' இட மறந்தால் பாட்டு முழுவதும் உரத்தே செல்லும். நம் மாணவர் தாள்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே எனலாம்.

இக்குறிகள் நிற்கும் இடம் பற்றி ஒரு மரபு உண்டு. கருவியிசையில் இவை கோடுகளின் கீழே நிற்கும். வாய்ப்பாட்டில் பாடல்வரிகள் கீழே இருப்பதால் இவை மேலே ஏறும். மேலேற்றக் குறியைத் தெரிந்தெடுத்து 'எக்ஸ்' விசையை அழுத்தினால் போதும். சுட்டெலியால் பிடித்து இழுத்தல் வேண்டா. இழுக்கும்போது குறியிலிருந்து ஒரு விட்டுவிட்டுச் செல்லும் கோடு தோன்றுவதைக் காணலாம். அது குறியின் பற்றுக்கோட்டைக் காட்டுவது. குறியை இழுத்துச் சென்றால் அக்கோடு எந்தச் சுரத்தைச் சுட்டுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். தோற்றம் இடம் பெயர்வது வேறு, உரிமை பெயர்வது வேறு. இழுத்துக் குழப்பிய தாளைச் சீராக்கக் 'கன்ட்ரோல்' விசையோடு 'ஆர்' விசையை அழுத்தினால் குறிகள் தம் இயல்பான இடத்திற்குத் திரும்பும்.

சிறுகச் சிறுக ஒலி பெருகுதலைக் காட்டும், வாய் விரிந்த ஊசி போன்ற இரட்டைக்கோட்டிற்குத் தொடக்கமும் முடிவும் ஆகிய இரு பற்றுக்கோடுகள் வேண்டும். முதற்சுரத்தைச் சொடுக்கி, ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே இறுதிச் சுரத்தையும் சொடுக்கி, பின்னர்க் குறியை இட வேண்டும். ஸ்லருக்கும் இதுவே முறை. ஃபெர்மாட்டா என்னும் நிறுத்தற்குறி மட்டும் ஒரு சிறு சிக்கல் உடையது. ஐவர் வாசிக்கும் பாட்டில் ஒருவர் வரிசையில் அதனை இட்டாலும் கணிப்பொறி எல்லாரையும் நிறுத்திவிடும். ஆனால் மேடையில் வாசிப்போர் ஒவ்வொருவர் முன்னும் அவரவர் தாள்தான் இருக்கும். ஒருவர் நிற்க நால்வர் ஓடும் காட்சியைத் தவிர்க்க, ஐந்து வரிசையிலும் குறியை இடுதல் வேண்டும்.

பல்லவிக்குத் திரும்புதல்

சரணம் முடிந்தவுடன் பல்லவிக்குத் திரும்புதல் நம் பாட்டுகளின் இயல்பு. மேலைநாட்டுத் தாளில் இதற்குரிய கட்டளைகள் இத்தாலிய மொழியில் அமைந்தவை. 'டா காப்போ' என்றால் தொடக்கத்திற்குச் செல்க. 'டால் சென்யோ' என்றால் சென்யோக் குறியிட்ட இடத்திற்குச் செல்க. 'ஃபீனே' என்றால் அங்கே முடிக்க. பல்லவிக்கு முன் ஒரு முன்னிசை இருக்குமாயின், பல்லவியின் தலைப்பில் சென்யோவை இட்டு, சரணத்தின் இறுதியில் 'டால் சென்யோ அல் ஃபீனே' என்னும் கட்டளையை இட்டு, பல்லவியின் இறுதியில் 'ஃபீனே' இட வேண்டும்.

ஒரு மாணவர் தாம் எழுதிய தாளில், சரணத்தின் கடைசிக் கட்டத்தின் மேல், 'பல்லவிக்குத் திரும்புக' என்று அழகுத் தமிழில் தட்டச்சுச் செய்திருந்தார். நாம் அதனைப் பாராட்டினோம். தமிழில் கட்டளை இடுதல் நமக்கு உவப்பே. ஆயினும் கணிப்பொறி அதனை வாசிக்காமல் சரணத்தோடு நின்றுவிட்டது. ஏனெனில் அது வெறும் எழுத்தாக இடப்பட்டது, தாவற்குறியாக இடப்படவில்லை. மியூஸ்ஸ்கோரில் இதற்கு ஓர் இனிய தீர்வு உண்டு. மீள்குறிப் பெட்டியிலிருந்து தாவற்குறியை எடுத்து இட்டபின், அதன்மேல் இருமுறை சொடுக்கி, இத்தாலியச் சொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொள்ளலாம். தோன்றும் சொல் மாறினாலும், எங்கே செல்வது, எதுவரை வாசிப்பது என்னும் உட்பொருள் மாறாது. இத்தாலியும் வேண்டா, ஊமைத் தமிழும் வேண்டா. பேசும் தமிழாகவே அக்கட்டளை நிற்கும். வேகக்குறிக்கும் இது பொருந்தும். 'விரைவாக' என்பதைச் சாதாரண உரையாக அடித்தால் வேகம் மாறாது. வேகக்குறியை இட்டு அதன் சொல்லை மாற்றினால் மாறும்.

யாப்பின் அசையும் பாட்டின் அசையும்

சுரங்களின் கீழே பாடல்வரிகளை இடுவதும் குறியிடலின் ஒரு பகுதியே. தமிழாசிரியர் உதவ வேண்டிய இடம் இது. மென்பொருள் ஒவ்வொரு சுரத்தின் கீழும் ஓர் அசையை எதிர்பார்க்கும். சிறுகோடு அடித்தால் அதே சொல்லின் அடுத்த அசைக்கும், இடைவெளி அடித்தால் அடுத்த சொல்லுக்கும் செல்லும். ஓர் அசை பல சுரங்களின் மேல் நீளுமாயின் அடிக்கோடு அடித்துக்கொண்டே செல்ல வேண்டும்.

யாப்பிலக்கணம் பயின்ற மாணவர் இங்கே நேரசை நிரையசை கொண்டு பிரித்துவிடுகின்றனர். அது பொருந்தாது. 'கடல்' என்பது யாப்பில் ஒரே நிரையசை; பாட்டில் அதற்கு 'க', 'டல்' என இரு சுரங்கள் வேண்டும். பாட்டின் அசைக்கு அளவு உயிரொலியே. ஒற்றுகள் முன்னுள்ள உயிரோடு சேர்ந்துவிடும்: 'கல்-வி', 'பள்-ளி', 'வெண்-ணி-லா'. 'க-ல்வி' என்று பிரித்து எழுதினால் பாடுவோர் ககரத்தை நீட்டிவிட்டு லகரத்தில் இடறுவர். நீட்டிப் பாடும் இடத்தில் நீளுவது உயிரே அன்றி மெய் அன்று. ஆதலின் 'கல்' என்பது நான்கு சுரங்களுக்கு நீளுமாயின், பாடுவோர் லகரத்தை நான்காம் சுரத்தின் இறுதியில்தான் ஒலிப்பர். இதனை எந்தக் குறியும் காட்டாது. பாடுவோர் தமிழ் அறிந்திருத்தல் வேண்டும்.

எழுத்துரு படுத்திய பாடு

1990களில் கணிப்பொறியில் தமிழ் தட்டச்சுச் செய்தோர் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். ஒவ்வொரு நிறுவனமும் ககரத்தை ஒவ்வோர் எண்ணில் வைத்ததே காரணம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டதும், பின்னர் யூனிகோடு பரவியதும் நாம் அறிந்தவை.

இசைக்குறிகளும் இதே துன்பத்தைப் பட்டன என்பதைப் பலர் அறியார். 1980களின் நடுவில் அடோபி நிறுவனத்திற்காகக் கிளியோ ஹக்கின்ஸ் என்னும் பெண்மணி சொனாட்டா என்னும் இசையெழுத்துருவை வரைந்தார். அதன்பின் வந்தவை தத்தம் விருப்பப்படி குறிகளை அடுக்கின. 2001இல் யூனிகோடு 200க்கும் மேற்பட்ட இசைக்குறிகளுக்கு எண் வழங்கியது; ஆயினும் இசை அச்சிடுவோர்க்கு அது போதவில்லை. 2013இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தில் டேனியல் ஸ்பிரெட்பரி என்பவர் ஸ்மஃபிள் என்னும் பொதுத்தரத்தையும், அதற்குச் சான்றாகப் பிராவுரா என்னும் எழுத்துருவையும் வெளியிட்டார். யூனிகோட்டில் தனிப்பயனுக்கென ஒதுக்கிய பகுதியில் குறிகளை முறையாக அடுக்கியது அத்தரம். இன்று மியூஸ்ஸ்கோரும் டோரிக்கோவும் அதனையே பின்பற்றுவதால், ஓர் எழுத்துருவிலிருந்து மற்றொன்றிற்கு மாறினாலும் குறி குறியாகவே நிற்கும்.

எழுத்துரு ஒன்றானது, கோப்பு ஒன்றாகவில்லை. ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றில் திறக்க மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் இடைவடிவம் உதவுகின்றது. மைக்கேல் குட் என்பவர் உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 2004இல் வந்தது. இதன் அருமை 2024 ஆகஸ்டில் பலர்க்கு விளங்கிற்று. 35 ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் அம்மாதம் அறிவித்தது. வாழ்நாள் உழைப்பை அதில் எழுதி வைத்திருந்தோர் தம் கோப்புகளை இடைவடிவத்திற்கு மாற்ற விரைந்தனர். அவ்வாறு மாற்றும்போது, பற்றுக்கோட்டோடு இடப்பட்ட குறிகள் தம் சுரத்தோடு கரை சேரும். கோடாகவும் படமாகவும் வரைந்து ஒட்டியவற்றுக்கு அந்த உறுதி இல்லை. அவை இன்னதென்று இடைவடிவத்திற்குச் சொல்ல எவரும் இல்லை.

ஒரே வடிவம், இரு நாடு

அரபு இசையில் அரைச்சுரத்திற்கும் உட்பட்ட நுண்சுரங்கள் உண்டு. பயாத்தி என்னும் மகாமின் இரண்டாம் சுரம், ஃப்ளாட்டிற்கும் இயல்பான சுரத்திற்கும் ஏறத்தாழ நடுவில் நிற்பது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் இத்தகைய நுண்சுரங்களை அளப்பது பற்றி அறிஞர் நீண்ட விவாதம் நடத்தினர். தாளில் எழுதும்போது, குறுக்கே ஒரு சிறுகோடு கிழித்த ஃப்ளாட் வடிவத்தை இதற்கு வழங்குகின்றனர். அரைச்சுரம் 100 சென்ட். இக்குறி ஏறத்தாழ 50 சென்ட் இறக்கம்.

துருக்கி இசையிலும் குறுக்குக்கோடு கிழித்த ஃப்ளாட் உண்டு. அங்கே அதன் பெயர் பக்கியே. முழுச்சுரத்தை ஒன்பது கோமாவாகப் பகுக்கும் துருக்கியர் கணக்கில் அது நான்கு கோமா இறக்கம். அதாவது ஏறத்தாழ 90 சென்ட். வடிவத்தால் உடன்பிறந்தார் போலத் தோன்றும் இரு குறிகளுக்குள் 40 சென்ட் வேறுபாடு. பழகிய செவிக்கு அது வேறு சுரமே. ஸ்மஃபிள் தரம் அரபுக் குறிகளுக்கும் துருக்கியக் குறிகளுக்கும் பாரசீகத்தாரின் சோரி, கோரோன் ஆகியவற்றிற்கும் தனித்தனி வரிசை வகுத்திருப்பதன் காரணம் இதுவே. பெட்டியில் கண்ட முதல் வடிவத்தை எடுப்பவர் எந்நாட்டுச் சுரத்தை எழுதுகின்றார் என்பதை அறியாமலே எழுதிவிடுவர். குறியை இட்டபின் சுரத்தைக் கேட்டுப் பார்த்து, இறங்கவில்லையாயின் சுரத்தின் சுருதி அளவைச் சென்ட் கணக்கில் தனியே குறைத்துக் கொடுத்தலும் வேண்டும்.

கமகத்தை எழுதுதல்

நம் இசைக்கு வருவோம். 1893இல் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார், கருநாடக இசை உருப்படிகளை ஐந்துகோட்டு முறையில் எழுதி நூலாக வெளியிட்டார். கமகங்களை அம்முறையில் காட்டுதல் எத்துணை அரிது என்பதை அத்தகைய முயற்சியே உணர்த்தும். எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதரைத் தம் மரபுச் செல்வத்தை எழுதி வெளியிடுமாறு தூண்டியவரும் அவரே. அதன் விளைவாக 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. சுர எழுத்துகளின் மேல் கமகங்களுக்கெனத் தனிக்குறிகளை தீட்சிதர் அந்நூலில் இட்டார். கம்பிதத்திற்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவிற்கும் இறக்க ஜாருவிற்கும் சாய்கோடுகள், ஸ்புரிதத்திற்கு முப்புள்ளி. ஈயத்தில் எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில் இதனைச் செய்து முடித்த அச்சகத்தாரையும் வணங்கத் தோன்றுகின்றது.

இன்று அந்நூலின் உருப்படி ஒன்றை ஐந்துகோட்டுத் தாளில் எழுத முனையும் மாணவர், மியூஸ்ஸ்கோரின் அணிக்குறிப் பெட்டியைத் திறந்தால் டிரில், மார்டெண்ட், டர்ன் ஆகிய மேலைநாட்டு அணிகளையே காண்பர். அவற்றுள் ஒன்று நெளிகோடு. கம்பிதத்தின் நெளிகோட்டைப் போலவே இருக்கின்றதே என்று அதனை எடுத்து இட்டுவிடுதல் இயல்பு. ஆனால் அது டிரில் கோடு. அதனை இட்டவுடன் மென்பொருள், எழுதிய சுரத்தையும் அடுத்த மேற்சுரத்தையும் தனித்தனியே, மாறி மாறி விரைந்து தட்டும். தோடியின் காந்தாரமோ அவ்வாறு இரண்டாகத் துண்டுபட்டு ஒலிப்பதன்று. ஓர் ஒலியே வழுக்கி அசைவது. ஓசையின்றி நிற்கும் குறியைவிடப் பொய்யோசை எழுப்பும் குறி கொடியது. கேட்பவர் இதுவே தோடி என்று கொண்டுவிடக் கூடும்; கணிப்பொறி வாசித்துக் காட்டுவதே சரியென நம்பும் இளைஞர் நம்மிடையே மிகுந்துள்ளனர்.

ஆகவே இங்கே நாம் மேற்கூறியதற்கு ஒரு புறனடை கூற வேண்டியுள்ளது. மென்பொருளுக்குப் பொருள் தெரியாத குறியை இட நேரும்போது, பொருள் உள்ளது போல நடிக்கும் குறியை எடுத்தல் ஆகாது. வெறும் வடிவங்கள் அடங்கிய 'சிம்பல்ஸ்' பகுதியிலிருந்தே நெளிகோட்டை எடுத்தல் வேண்டும். அதனைத் தாளின் மேல் எங்கோ வைக்காமல், உரிய காந்தாரத்தைத் தெரிந்தெடுத்து அதன்மேல் இட வேண்டும். அப்போது அது ஒலிக்காது. ஆனால் அக்காந்தாரத்தோடு பிணைந்து நிற்கும். கட்டை மாறினாலும் வரி மடங்கினாலும் உடன் செல்லும். சாய்கோட்டிற்கும் முப்புள்ளிக்கும் இவ்வாறே செய்யலாம். ஒரு குறிக்கு ஒரு வடிவம் என்று முதலிலேயே உறுதி செய்துகொண்டு தாள் முழுவதும் அதனையே வழங்க வேண்டும்.

இவ்வாறு இட்ட குறிகளுக்குப் பொருள் கூறுவது எழுதுவோரின் கடமையாகின்றது. தீட்சிதர் தம் நூலின் முற்பகுதியில் கமகங்களையும் அவற்றின் குறிகளையும் விளக்கிய பின்னரே உருப்படிகளுக்குள் செல்கின்றார். நம் மாணவரும் தாளின் முதற்பக்கத்தில், பாட்டின் தலைப்பிற்குக் கீழே, இராகம், தாளம், ஆதாரச் சட்ஜமாகக் கொண்ட சுரம் ஆகியவற்றை எழுதி, அதனை அடுத்துக் குறிவிளக்கத்தை அமைக்கலாம். 'நெளிகோடு: கம்பிதம், டிரில் அன்று. மேல்நோக்கிய சாய்கோடு: முன்சுரத்திலிருந்து வழுக்கி ஏறுக. முப்புள்ளி: ஸ்புரிதம்.' இந்த மூன்று வரியை மியூஸ்ஸ்கோரில் இடுவதற்குத் தாளின் தலையில் ஒரு சட்டகத்தைச் சேர்த்து, அதனுள் உரையாக எழுதினால் போதுமானது. சட்டகம் தாளக்கட்டங்களின் கணக்கில் சேராது.